மூணாவது பெட்டியைத் திறக்காதீங்க

என் வீட்டுக்காரர் முப்பத்துநாலு வருஷம் ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தார். அதாவது, மற்றவர்கள் செய்ததைத் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அளந்து பார்த்து, சரியில்லை என்று சொல்வதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆன மறுநாள் காலையிலிருந்து அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் என் சமையல்கட்டில் செய்ய ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷர் வேலையில் சுத்தம். சாம்பாரில் கிடக்கிற முருங்கைக்காய்த் துண்டெல்லாம் ஒரே நீளத்தில் இல்லை என்பதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். இட்லி மாவு பொங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதி வைத்தார். குக்கர் விசிலை நான் உள்ளே எண்ணுவேன், அவர் ஹாலில் உட்கார்ந்து எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துவராத நாளில் விசாரணை நடக்கும். குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாயந்திரம்தான் திரும்புவார். அந்த நிம்மதியின் அருமை, கள்ளிக்குப்பத்தில் சொந்த வீடு கட்டி வந்து இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இதையும் ஒரு வழியாகச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் இதயம் மக்கர் பண்ணியது. ஒருநாள் காலையில் அடுப்படியில் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாயில் அடைப்பு என்று சொல்லி, ஸ்டென்ட் வைத்து, ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை, உப்பைக் குறைக்கணும், தினமும் கொஞ்சம் நடக்கணும், மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்கணும். டாக்டர் சொன்னது இவ்வளவுதான். அத்தனையையும் எங்கள் வீட்டு இன்ஸ்பெக்டர் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

உப்பில் ஆரம்பித்தார். தொழிற்சாலையில் நட்டை முறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு சிவப்பு பெயிண்ட் கோடு போடுவார்களாம். யாராவது கழற்றிவிட்டு மறுபடி முறுக்கினால் கோடு விலகிப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மகா தொழில்நுட்பத்தை என் மாவடு ஜாடியில் கொண்டுவந்து இறக்கினார். ஜாடியிலும் மூடியிலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு. நானும் லேசுப்பட்டவள் இல்லை. மாவடுவை எடுத்துத் தின்றுவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோட்டுக்குக் கோடு மயிரிழை பிசகாமல் பொருத்தி மூடி வைப்பேன்.

தூக்கத்தில்தான் என்னால் அவரை ஏமாற்ற முடியவில்லை. எங்கள் படுக்கையறைக் கதவின் கீல் கிறீச் என்று கத்தும். மதியம் ஒன்றரைக்குப் படுப்பேன். ஒன்றே முக்காலுக்கு ஒரு கிறீச். தலையை உள்ளே நீட்டி, என் மேல் கிடக்கிற சேலைத் தலைப்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் திருப்தி, கதவைச் சாத்துவார், அதற்கு ஒரு கிறீச். இரண்டு மணிக்கு மறுபடியும். நான் தூங்குகிறேனா என்று பார்த்துப் பார்த்தே என்னைத் தூங்கவிடாமல் அடித்த ஒரே மனுஷர் அவராகத்தான் இருக்கும்.

கீலுக்கு எண்ணெய் விடச் சொன்னேன். விட்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கண்ணைத் திறந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் ஒரு ஆள் குனிந்து என் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை நான் போட்ட அலறலில் ஸ்டென்ட் கழன்று வந்திருக்க வேண்டும், ஏதோ நல்ல வேளை. மழைக்காற்றில் துருவேறி அந்தக் கீல் மறுபடியும் கத்த ஆரம்பித்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு வேறு. அதற்குப் பிரஷர் நோட்டு என்று பெயர். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். தேதி, நேரம், பிரஷர், மாத்திரை, கடைசியில் குறிப்பு. குறிப்புக் கட்டத்தில், "மதியம் 1.45. தூக்கம் உண்டு. மூச்சு சீர்" என்று சிவப்புப் பேனாவில் எழுதியிருப்பார். "2.00. தூக்கம் இல்லை. முறைத்தாள்" என்றும் எழுதியிருப்பார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்தான் இதைச் சொல்லிப் புலம்புவேன். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். ஷிப்டு முடிந்து வந்து அவள் மாடியில் துணி எடுப்பாள், நடைப்பயிற்சி என்ற பெயரில் அவருக்குத் தெரியாமல் படி ஏறி, என் மாடியில் நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்பேன். என் கதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருநாள், அண்ணாத்தைக்கு நோண்டுவதற்கு வேறு ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடு, உன்னை விட்டுவிடுவார் என்றாள். அவளுக்கு ஒரு தம்பி. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அவர்கள் அப்பா கூலிக்கு நாற்று நட்ட இடத்தில்தான் அந்தக் கிடங்கு நிற்கிறதாம். கிடங்குச் சுவருக்குப் பின்னால் காலியாகக் கிடக்கிற இடத்தில் அவன் தேனீப் பெட்டி வைத்திருக்கிறான் என்றாள்.

எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. பெட்டி, மூடி, உள்ளே வரிசையாக மரச்சட்டங்கள், ஒவ்வொரு சட்டத்திலும் ஆயிரம் ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் பார்க்க வேண்டியது ஒன்று. என் வீட்டுக்காரருக்காகவே கடவுள் உட்கார்ந்து செய்த பூச்சி. இரண்டே நாளில் அவரை அங்கே அனுப்பிவைத்தேன். ஆவணியில் மூன்று பெட்டிகள் எங்கள் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தன, எறும்பு ஏறாமல் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி. அன்றைக்கு மதியம் இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டது போல் தூங்கினேன். கிறீச் இல்லை.

பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்த அன்றைக்கே அந்தத் தம்பி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னான்: "மழ காலத்துல கையே வெக்காதீங்க சார். மத்த நாள்ல மாசம் ரெண்டு தபா பார்த்தா போதும். இது கோவக்காரப் பூச்சி இல்ல, ரோசக்காரப் பூச்சி. தொந்தரவு பண்ணா கொட்டிகினு இருக்காது, ஊட்டக் காலி பண்ணிகினு போய்கினே இருக்கும்."

என் வீட்டுக்காரர் ரொம்பப் பணிவாகத் தலையாட்டினார். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும், மாதம் இரண்டு தடவை பார்ப்பதற்குப் பெயர் இன்ஸ்பெக்ஷனா என்று என்னிடம் கேட்டார். அன்று சாயந்திரமே பெட்டிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயிண்டில் நம்பர் போட்டார். புது நோட்டு வந்தது. ராணி, முட்டை, புழு, தேன், பூச்சித் தாக்குதல் என்று கட்டங்கள் வந்தன. தலைக்கு வலைத்தொப்பி, கையில், பூச்சியை அடக்கத் தேங்காய் நார் புகைகிற புகைமூட்டி. தினமும் மதியம் ஒன்றரைக்கு மாடிக்குப் போனால் மூன்றரைக்கு இறங்குவார். தினமும் என்றால் தினமும்தான். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிகம்.

எனக்கு மனசாட்சி உறுத்தவில்லையா என்று கேட்டால், இல்லை. தேனீக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், என்னைப் பார்க்கவில்லை. பாவம், அதுகள் பாடு. என் பிரஷர் இறங்கியது, டாக்டரே பாராட்டினார். ஒருநாள் மட்டும் மூக்கு நுனியில் கொட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வலைத்தொப்பிக்குள் ஒன்று புகுந்துவிட்டதாம். மூக்கு நாவல்பழம் போல் வீங்கியிருந்தது. வீக்கத்தையும் அடிமட்டம் வைத்து அளந்து நோட்டில் எழுதினார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அப்போதாவது விட்டாரா என்றால், விட்டால் அவர் எப்படி அவராக இருக்க முடியும்? சட்டத்தைத் தூக்கிப் பிடித்து அவர் பார்க்க, பெட்டிக்கு மேல் குடை பிடிப்பதற்கு என்னைக் கூப்பிட்டார். படி ஏறக்கூடாது என்று என்னைத் தடுக்கிறவர், தேனீ நனைந்துவிடும் என்றதும் ஏறச் சொல்லிவிட்டார். நானும் போய்ப் பிடித்தேன். அதை இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

கார்த்திகையில் ஒரு மழை விட்ட நாள், ஒன்றாம் நம்பர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பூச்சி இல்லை. செத்துக் கிடக்கவும் இல்லை. இருந்த தேனைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, ராணியோடு மொத்தக் குடும்பமும் கிளம்பிப் போயிருந்தது. காலித் தேனடை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மார்கழி முடிவதற்குள் இரண்டாம் நம்பரும் அப்படியே.

உடனே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. அண்ணனூர் ஷெட்டில் ரயில் ஊதுகிற ஊதல் காரணமாக இருக்கலாம் என்றார். செல்போன் டவர் இருக்கலாம் என்றார். பக்கத்து வீட்டில் வெள்ளிக்கிழமை போடுகிற சாம்பிராணி இருக்கலாம் என்று கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று அவள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். அவள் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணாத்தே, தெனம் ஒருத்தன் வந்து உங்க ஊட்டு கூரையப் பிச்சிப் பிச்சிப் பார்த்துகினு இருந்தா, நீங்க குடி இருப்பீங்களா?"

அவர் அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு பெட்டி காலியானபோதும் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு பெட்டி போனால் அவருக்கு மாடியில் அந்த அளவுக்கு வேலை குறையும். மாடியில் வேலை குறைந்த இன்ஸ்பெக்டர் எங்கே வருவார்? கிறீச். கால் மணிக்கு ஒன்று இருந்தது பத்து நிமிஷத்துக்கு ஒன்றாயிற்று. இரண்டாவது பெட்டி போன வாரம் என் பிரஷர் நோட்டில் குறிப்புக் கட்டம் போதாமல் பக்கத்தில் தாள் ஒட்டினார். மூன்றாவதும் போய்விட்டால் மிச்சமிருப்பது ஒரே ஒரு பெட்டி, அது நான்தான். எனக்கு இறக்கையும் கிடையாது. இதை யோசித்து யோசித்தே எனக்கு இரண்டு நாள் படபடவென்று வந்தது.

வசந்த காலம் என்று காலண்டரில் போட்டிருப்பதை எங்கள் பக்கத்தில் தேடினால் சட்டென்று கிடைக்காது. போர்வையை மடித்து வைத்த நாளுக்கும் ஃபேனை ஐந்தில் வைத்த நாளுக்கும் நடுவில் பத்து நாள் வரும், அவ்வளவுதான். அதிலும் பாதி நாள் தெருவில் யாராவது ஜல்லி கொட்டியிருப்பார்கள். ஆனால் முருங்கைக்குத் தெரிந்துவிடுகிறது. தை முடியும்போது எங்கள் தெருவில் இருக்கிற நாலு முருங்கையும் வெள்ளையாகப் பூத்துவிட்டன, எதிர்ப்பக்கத்து மாமரம் பூத்துவிட்டது. செம்பரம்பாக்கத்துத் தம்பி போன் பண்ணினான். மழையைத் தாண்டி நிற்கிற பெட்டியைப் பார்க்கிற நேரம் இதுதான், ஒரே ஒரு தடவை திறந்து ராணி இருக்கிறதா, முட்டை வைக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுங்கள், அப்புறம் பங்குனி வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றான். ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் கேட்டோம். என் வீட்டுக்காரர் காதில் முதல் பாதிதான் விழுந்தது என்பதை அவர் முகத்திலேயே பார்த்தேன். வலைத்தொப்பியைத் தேட எழுந்துவிட்டார்.

முப்பத்துநாலு வருஷம் அவரோடு சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்ததில் ஒரு விஷயம் எனக்கு மனப்பாடம். பொருளைச் செய்கிறவனே அதைச் செக் பண்ணக்கூடாது. செய்கிறவன் வேறு, பார்க்கிறவன் வேறு. இதற்காக அவர் ஒரு மேலதிகாரியிடமே சண்டை போட்டு, மூன்று மாதம் பேசாமல் இருந்தவர். அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

பெட்டியை வாங்கினது நீங்க, நம்பர் போட்டது நீங்க, பூ இல்லாத நாள்ல சர்க்கரைப்பாகு வைக்கிறது நீங்க, கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்துறது நீங்க, அப்ப நீங்கதான் புரொடக்‌ஷன், புரொடக்‌ஷன்காரரே எப்படி இன்ஸ்பெக்ஷன் பண்ணலாம் என்று கேட்டேன். மனுஷர் வலைத்தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். எத்தனை வருஷமானாலும் விதி விதிதான். படி ஏறக்கூடாதே என்று ஒரு முனகல் முனகினார். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், வாரத்துக்கு ஒரு தடவை ஏறினால் ஒன்றும் ஆகிவிடாது என்றேன். கடைசியில் தொப்பி, புகைமூட்டி, நோட்டு, சிவப்புப் பேனா எல்லாம் கைமாறின. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்ஷன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் புரொடக்‌ஷன் நிற்கக்கூடாது என்று அவரே ஒரு விதியைச் சேர்த்துச் சொல்லிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

அந்தத் தம்பி சொன்னபடி ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன், சத்தியமாக. மாசி மாதத்து முதல் ஞாயிறு. வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, புகைமூட்டியில் நாரைப் பற்றவைத்துக்கொண்டு, மூன்றாம் நம்பர் மூடியில் கை வைத்தேன். வைத்ததும் எனக்குக் கிறீச் என்று கேட்டது. பெட்டியில் கீல் கிடையாது, என் மண்டைக்குள்தான் கேட்டது. உள்ளே எல்லாம் ஏதோ வேலையாக இருக்கும், குழந்தை குட்டியோடு இருக்கும், திடீரென்று தலைக்கு மேல் வெளிச்சம், ஒரு மூஞ்சி. எனக்குக் கை வரவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தேன்.

உள்ளே ம்ம்ம் என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிற மாதிரி, நிற்காமல், நிதானமாக. அதைக் கேட்டதும் எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். வாசல் ஓட்டையில் பூச்சிகள் வருவதும் போவதுமாக இருந்தன. வருகிறதில் பாதிக்குக் காலில் மஞ்சள் உருண்டை. மகரந்தம் கொண்டுவந்தால் உள்ளே புழு இருக்கிறது, புழு இருந்தால் ராணி இருக்கிறது என்று அந்தத் தம்பி எப்போதோ சொல்லியிருந்தான். இருபது நிமிஷம் கழித்து நோட்டைத் திறந்து, "ராணி உண்டு. முட்டை நடுத்தரம். புழு நலம். தேன் இரண்டு சட்டம். பூச்சித் தாக்குதல் இல்லை" என்று சிவப்புப் பேனாவில் மணிமணியாக எழுதினேன். கீழே இறங்கியதும் அவர் வாங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்தார்.

ஆறு ஞாயிறு இப்படிப் போயிற்று. பொய் சொல்வது பழகப் பழக எவ்வளவு சுலபம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒரு வாரம் முட்டையைக் கொஞ்சம் குறைத்தேன், அடுத்த வாரம் ஏற்றினேன். ஒரு தடவை தேனடையை அரிக்கிற அந்துப்பூச்சி ஒன்றை உருவாக்கி, அதை நானே நசுக்கிக் கொன்றதாகவும் எழுதினேன். அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அத்தனை வாரமும் மதியம் மட்டும் கிறீச் நிற்கவில்லை. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்பது அரை மணிக்கு ஒன்றாகியிருந்தது. மூன்றாம் பெட்டி மாடியில் இருக்கிற வரைக்கும் அவருக்கு அதைப் பற்றி யோசிக்க ஒரு நோட்டு இருந்தது.

பங்குனியில் வேம்பு பூத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பிவிட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தவர், நோட்டைக் கொண்டுவந்து என் எதிரில் தரையில் வைத்தார். தானும் உட்கார்ந்தார். அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்காரமாட்டார். அதைப் பார்த்ததும் நான் காம்பையும் கீரையையும் ஒரே தட்டில் போட்டேன்.

"பெட்டிய நீ ஒரு தடவகூடத் தொறக்கல" என்றார்.

மாவடு ஜாடி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நோட்டை என் கையில் கொடுப்பதற்கு முன்னால், பெட்டியின் பின்பக்கம், மூடியும் பெட்டியும் சேருகிற இடத்தில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஆறு வாரத்துக்குப் பிறகும் கோடு கோடாகவே இருந்திருக்கிறது. ஜாடியில் நான் திறந்ததைக் கண்டுபிடிக்கப் போட்ட கோடு, இங்கே நான் திறக்காததைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒழுங்காகப் பார்த்தேனா என்று தெரிந்துகொள்ள இன்ஸ்பெக்டருக்கே இன்ஸ்பெக்ஷன். கட்டினவளைக்கூட நம்பவில்லையே என்று கோபம் வரவேண்டும். ஆறு வாரப் பொய் மடியில் கிடக்கும்போது கோபம் எங்கிருந்து வரும்?

"தொறக்கல" என்றேன். "எழுதுனது எல்லாம் பொய். நீங்க தெனம் தெனம் தொறந்து பார்த்துத்தான் ரெண்டு பெட்டி போச்சு. அது உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

அவர் கீரைக் காம்பு ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அப்புறம், உள்ளே அதெல்லாம் இருக்கிறது என்று திறக்காமல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். கீரையை அப்படியே போட்டுவிட்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு, வாங்க என்று அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பெட்டி வாசலில் பூச்சிகள் கொத்தாக அப்பிக்கொண்டிருந்தன, உள்ளே இடம் போதாமல். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். முழங்கால் வலிக்குமே என்று நான் சொன்னது காதில் விழவில்லை. விழுந்தாலும் எழுந்திருக்கவில்லை.

காதை எடுக்காமலே சொன்னார். "அன்னிக்கு நீ விழுந்தப்ப நான் ஹால்ல பேப்பர் படிச்சிட்டிருந்தேன். சத்தம் கேட்டுச்சு. ஏதோ பாத்திரம் விழுந்திருக்குன்னு நெனச்சு, மிச்சப் பக்கத்தையும் படிச்சுட்டுத்தான் வந்து பார்த்தேன்."

இதை அவர் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. விழுந்ததும் ஓடிவந்து தூக்கினார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியும் வந்தேன். தோளில் கை வைத்து அவரைத் தூக்கிவிட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த நோட்டில் ராணி, முட்டை, புழு என்று இருந்த கட்டங்களை எல்லாம் நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் வரைந்து, அதன் தலையில் "சத்தம்" என்று எழுதினார். அடிமட்டம் இல்லாமல் போட்டதால் கோடு கோணலாகத்தான் வந்தது.

அன்றைக்கு மதியம் கீரைச்சோறு சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஒன்றே முக்காலுக்குக் காலடிச் சத்தம் வந்தது. கதவுக்கு வெளியே நின்றது. கிறீச்சுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால், கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் அவருடைய இரண்டு பாதமும் தெரிந்தன. பக்கவாட்டில் திரும்பி நின்றிருந்தன. காதைக் கதவில் வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நானோ முழித்துக்கொண்டு மூச்சுக்கூட விடாமல் கிடக்கிறேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே கிடந்தால் மனுஷருக்கு வெளியே என்ன ஆகும் என்று நினைத்ததும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆறு வாரம் அத்தனை பொய் எழுதியவளுக்கு இன்னொன்று பெரிதா? வாயைத் திறந்து, என்னால் முடிந்த அளவுக்கு ஒரு குறட்டை விட்டேன். இன்னொன்றும் விட்டேன். பாதம் இரண்டும் அப்படியே நின்றன. அப்புறம் மெதுவாகத் திரும்பி ஹால் பக்கம் போயின. அதற்குப் பிறகு நிஜமாகவே தூங்கிவிட்டேன், நாலு மணி வரைக்கும்.

சாயந்திரம் மாத்திரை போடும்போது பிரஷர் நோட்டை எடுத்துப் பார்த்தேன். குறிப்புக் கட்டத்தில் அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"மதியம் 1.45. சத்தம் உண்டு. திறக்கவில்லை."